கையில் இருந்த பதினாறு மார்க்

அத்தியாயம் பதினொன்று

என் கணவர் செம்மல் போய் மூன்றாவது வருடம் முடியப்போகிற ஆனி மாதம் அது. மறுநாள் காலையில் எனக்குக் கணக்குப் பரீட்சை.

அவர் யூனியன் ஆபீஸில் ஜீப் ஓட்டியவர். தஞ்சாவூர் ரோட்டில் விளக்கில்லாமல் நின்ற ஒரு லாரி அவரை எடுத்துக்கொண்டது. வாரிசுக்கு வேலை கிடைக்கும் என்றார்கள். எட்டாவது படிப்பை வைத்துக் கேட்கிற வேலைக்கு வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது, பத்தாவது தேறினால் எழுத்தர் வேலைக்கு மனுப் போடலாம் என்றும் சொன்னார்கள். நான் பள்ளிக்கூடத்தில் பத்தாவதில் கணக்கில் மட்டும் விழுந்தவள். அவர் போன பிறகு தனித்தேர்வராக எழுதி மறுபடியும் விழுந்தேன். மனுவுக்கான கெடு தீருமுன் வருகிற கடைசிப் பரீட்சை இதுதான்.

வேலை கிடைத்தால் என் மகள் அழகியைக் கூட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்குக் குடிபோய்விடுவேன். கிடைக்காவிட்டால் ஆதனக்கோட்டை ரோட்டோரத்தில், மாமியார் கண்ணாத்தாளின் முந்திரிக் கொட்டகையில், கொட்டை உடைத்தே கிழவியாவேன். அந்த வீட்டில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும்.

எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் ஓரகத்தி மோகனப்ரியா. கொழுந்தன் சூர்யபிரகாஷின் மனைவி. என்னைவிட ஒன்பது வயது இளையவள். டவுனில் பி.எஸ்சி. கணக்கு படித்துவிட்டு இந்தப் புகைக்குள் வந்து விழுந்தவள். சொல்லிக் கொடுக்கும்போது இரக்கம் என்பதே அவளிடம் கிடையாது.

“அக்கா, ஒங்க மூளைய நம்புனா இந்தத் தடவையும் பெயிலுதான். அதனால கைய நம்புவோம்” என்று முதல் நாளே சொன்னாள்.

காம்பஸ் வைத்து வரைகிற வடிவியல் கேள்வி ஒன்று, எட்டு மார்க். கட்டம் போட்ட தாளில் வரைபடம் ஒன்று, எட்டு மார்க். இந்தப் பதினாறும் கையில் இருக்கிறது. தேறுவதற்கு வேண்டிய முப்பத்தைந்தில் மீதியை ஒரு மார்க் கேள்விகளிலும் அணிகளிலும் பொறுக்கிக்கொள்ளலாம். அவள் போட்ட திட்டம் இவ்வளவுதான்.

ஆனால் என் கை முந்திரி உடைக்கிற கை. கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெய் தோலைக் கறுக்க வைக்கும், உரிக்கும். போன பரீட்சையில் என் வரைபடத் தாள் முழுக்கக் கறுப்புக் கைரேகை. அதனால் இரண்டு வாரமாக என்னைக் கொட்டை தொடக்கூடாது என்று சொல்லியிருந்தாள் பிரியா. தினமும் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னாள். காய்ப்பு உதிர்ந்து, விரல் நுனியில் புதுத்தோல் வந்திருந்தது. குழந்தைத் தோல் மாதிரி இளஞ்சிவப்பாக.

அன்று காலை பிரியா வீட்டில் இல்லை. டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க அவளைச் சூர்யபிரகாஷோடு அனுப்பி வைத்திருந்தார் அத்தை. கல்யாணமாகி நாலு வருடம் குழந்தை இல்லாதவளுக்கு அந்த வீட்டில் டாக்டரைப் பார்க்க நாள் குறிப்பது மாமியார்தான்.

நான் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து சூத்திரங்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏத்தா சொர்ணம், இங்கிட்டு வா.”

அத்தை வறுக்கிற இரும்புத் தட்டின் முன்னால் குந்தியிருந்தார். பக்கத்தில் கட்டுப் பிரிக்காத மூட்டை ஒன்று.

“பொம்பளையாளுக ரெண்டு பேரும் இன்னைக்கு வரல. சாயங்காலம் சரக்கெடுக்க வண்டி வந்துரும். இந்த ஒத்த மூட்டைய ஒடச்சுக் குடுத்துட்டு, அப்பறமாப் போயி பொஸ்தகத்தக் கட்டிக்கிட்டு அழு.”

“நாளைக்குப் பரீட்சை அத்த. கொட்டையத் தொடக்கூடாதுன்னு பிரியா சொல்லியிருக்கா.”

“பிரியா சொன்னா கேப்ப. கண்ணாத்தா சொன்னா கேக்க மாட்ட. ஒனக்கும் ஒம் மகளுக்கும் மூணு வருசமா பிரியாவா சோறு போடுறா?”

நான் நின்றுகொண்டே இருந்தேன். அத்தை குரலை இறக்கினார். அந்தக் குரல்தான் எனக்கு எப்போதும் பயம்.

“நாளைக்குக் காலையில சூரியாவ வண்டியில கொண்டுபோயி விடச் சொல்றேன். பஸ்ஸுல நசுங்கிக்கிட்டுப் போக வேணாம். ஒரு கை குடுக்குறதுன்னா குடு. இல்லைன்னா போ. நான் ஒத்தையா ஒடச்சுக்கிறேன். இடுப்பு போனா போகட்டும்.”

உட்கார்ந்துவிட்டேன்.

உடைப்பதற்கு முன் கையில் சாம்பல் பூசிக்கொள்வோம். எண்ணெய் தோலில் ஒட்டாமல் இருக்க அது ஒன்றுதான் காப்பு. சாம்பல் குவியலில் கை வைத்தேன். களிமண் மாதிரி நொளநொளவென்று ஈரம்.

“ராத்திரி கங்கு பறந்துச்சு. தண்ணி ஊத்தி அமத்துனேன்” என்றார் அத்தை, நான் கேட்காமலே.

வறுப்பது எப்போதும் அவர்தான். வேறு யாரையும் தட்டைத் தொட விடமாட்டார். கொட்டை எண்ணெய் கக்கி, தீப்பிடித்து, ஓடு கரியாகிற நேரம் பார்த்துத் தரையில் கொட்டித் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒரு நிமிடம் முந்தினால் எண்ணெய் உள்ளேயே நிற்கும். பிந்தினால் பருப்பு கருகும். கண்ணாத்தா வறுத்த கொட்டை என்றால் கந்தர்வக்கோட்டை வியாபாரிகூட எடுத்துப் பார்க்காமலே வாங்குவான்.

முதல் கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டினேன். ஓடு நொறுங்கவில்லை, நசுங்கியது. சூடான எண்ணெய் பீச்சியது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் விட்டுப் பருப்பைப் பிதுக்கி எடுக்கும்போது சுரீர் என்றது.

“அத்த, பதம் பத்தலயே.”

“காத்து அடிக்குதுல்ல. அடுத்த தட்டு சரியா வரும்.”

அடுத்த தட்டும் சரியாக வரவில்லை. அதற்கடுத்ததும்.

நடுவில் ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் இறங்கிப் பருப்பைத் தின்று பார்த்தார். என் கையையும் பார்த்தார்.

“கை ஏம்மா இப்படி இருக்கு? சுத்தமாத்தானே பண்றீங்க?”

“அது அழுக்கு இல்லம்மா, கொட்டை எண்ணெ” என்றார் அத்தை சிரித்துக்கொண்டு. “இந்தக் கையப் பாத்து வச்சுக்கங்க. நாளைக்குப் பரீட்சை எழுதி கவர்மெண்டு ஆபீசுல ஒக்காரப் போகுது. அப்பறம் நாம கும்புட்டாத்தான் கையெழுத்துப் போடும்.”

அந்த அம்மாள் “அப்படியா, ஆல் த பெஸ்ட்” என்று சொல்லி முழுப் பருப்பாகப் பொறுக்கி வாங்கிக்கொண்டு போனார்.

பாதி மூட்டை போயிருக்கும். விரல் நுனிகள் வெள்ளையாக உப்பத் தொடங்கின. வலியில் அடி தவறி விழுந்தது. பருப்புகள் இரண்டும் மூன்றுமாக உடைந்தன. உடைசலுக்குப் பாதி விலைதான். ஒரு பருப்பு உடைந்தால் “ஒங்கப்பன் வீட்டுச் சொத்தா?” என்று ஊர் கேட்கக் கத்துகிறவர் அத்தை. நான் உடைக்கப் பழகிய காலத்தில், பிள்ளை வயிற்றில் இருந்தபோதுகூட, உடைசலுக்காக என்னைச் சோறில்லாமல் உட்கார வைத்தவர்.

அன்று முறம் நிறைய உடைசல் கிடந்தது. அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொரு கை கொட்டையை அள்ளி என் முன்னால் போட்டார்.

அந்த நிமிடம்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. காற்றும் இல்லை, கங்கும் இல்லை. பொம்பளையாட்களை வராதே என்று சொன்னவரும் இவரேதான். ஒரு மூட்டைப் பருப்பைக் கொடுத்து என் பத்து விரலை வாங்கிக்கொண்டிருக்கிறார்.

கட்டையைக் கீழே வைத்தேன்.

“ஏன் எந்திரிக்கிற?”

“போதும் அத்த.”

“போதும்னா போ” என்றார். அவருக்கும் போதுமாகத்தான் இருந்தது.

மத்தியானம் தாண்டிப் பிரியா வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். வலது கை விரல்களில் திராட்சை திராட்சையாகக் கொப்புளம்.

“யாரு வறுத்தது?”

என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. வலிக்குதா என்று கேட்கவில்லை. யார் வறுத்தது என்று கேட்டாள்.

“அத்த.”

பை தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது.

“பிரியா, என்னைப் பெயிலாக்கணும்னா பொஸ்தகத்த எரிக்கலாம். வீட்டுல பூட்டி வைக்கலாம். கைய எதுக்குத் தேடிப் பிடிச்சாக? எம் மார்க்கு கையில இருக்குன்னு ஒனக்கும் எனக்கும்தான தெரியும்?”

“நான்தான் சொன்னேன்.”

“யார்கிட்ட?”

“அவங்ககிட்டத்தான்.” என் கண்ணைப் பார்த்தே சொன்னாள். “போன வாரம் எல்லாரும் இருக்கையில, ஒரு புள்ளையத்தான் பெத்துக்குடுக்கத் துப்பில்ல, படிச்ச படிப்புக்கு ஒரு கழுதையையாவது பாஸ் பண்ண வப்பியான்னு கேட்டாங்க. எனக்கு வந்துச்சு ஆத்திரம். பாஸ் பண்ணுவாங்க, பதினாறு மார்க்க அவங்க கையிலயே வச்சுவிட்டிருக்கேன்னு சொன்னேன். எப்படின்னு கேட்டாங்க. வெளக்கமாச் சொன்னேன்.”

“வெளக்கமா.”

“ஆமா. காம்பஸ் புடிக்கிறது, புதுத்தோலு, எல்லாம். நான் படிச்சத இந்த வீட்டுல ஒரு ஆளு ஒக்காந்து கேட்டது அன்னைக்குத்தான் மொதத் தடவ.”

அவளை அறைந்திருப்பேன். அறைய விரல் இல்லை.

“இல்ல, வேணும்னேதான் சொன்னியா?” என்றேன். “நான் போயிட்டா அந்தக் கல்லு முன்னாடி நீதான் ஒக்காரணும்.”

“ஒக்காரணும்தான்” என்றாள். மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. “அத அப்பறம் பேசுவோம். காம்பஸ எடுங்க.”

“பிரியா, புடிக்க முடியாது.”

“எடுங்கன்னேன்.”

குடோனில் மூட்டை மேல் பலகையைப் போட்டு உட்கார வைத்தாள். கேள்வியைச் சொன்னாள். மூணு சென்டிமீட்டர் ஆரம் உள்ள வட்டம். மையத்திலிருந்து அஞ்சு சென்டிமீட்டர் தள்ளி ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து வட்டத்துக்கு இரண்டு தொடுகோடு.

“மொதல்ல உதவிப் படம். அது இல்லாம ஆரம்பிச்சா ஒரு மார்க்கு செத்துச்சு, எத்தன தடவ சொல்றது?”

உதவிப் படம் போட்டேன். பென்சில் வழுக்கியது. காம்பஸின் தலையை இரண்டு விரலால் பிடித்தபோது கண்ணில் பூச்சி பறந்தது. விட்டுவிட்டேன்.

அவள் என் விரல்களின் மேல் தன் விரல்களை வைத்தாள். காம்பஸோடு சேர்த்து அழுத்தினாள்.

கொப்புளம் உடைந்து மணிக்கட்டு வரை நீர் வழிந்தது. நான் கத்தினேன்.

“கத்துங்க. இன்னைக்கே ஒடையட்டும்” என்றாள். அவள் குரலும் சரியாக இல்லை. “நாளைக்கு ஹால்ல ஒடைஞ்சா பேப்பர்ல ஊத்தும். கட்டம் போட்ட தாளு ஒன்னுதான் குடுப்பாங்க. இன்னைக்கு ஒடைஞ்சா ராத்திரியில காஞ்சு தோலு பிடிக்கும். சுத்துங்க. வட்டம் முழுசா வரணும்.”

ஒவ்வொரு விரலாக உடைத்தாள். ஒவ்வொன்று உடைந்ததும் ஒரு படம் வரைய வைத்தாள். நடுக்குத்துக் கோடு தப்பினால் தாளைக் கிழித்துப் போட்டாள். நான் அழுதால் அழுது முடிக்கும்வரை ஸ்கேலைத் தட்டிக்கொண்டு காத்திருந்தாள். அது தண்டனையா வைத்தியமா என்று எனக்கு அன்று தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்கவில்லை.

தாளில் நீரும் இரத்தமுமாக ஒரு தொடுகோடு வந்தது. அளந்து பார்த்தாள். நாலு சென்டிமீட்டர்.

“சரியா இருக்கு” என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அன்றுதான்.

நிமிர்ந்தபோது குடோன் வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. அழகி அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“அப்பத்தா, அம்மா ஏன் அழுகுது?”

“ஒன்ன விட்டுட்டு ஆபீசுக்குப் போகணும்ல, அதுக்குத்தான் தாயி.”

“அத்த!” என்றேன்.

“என்ன அத்த? பொய்யா சொல்றேன்?” அழகியின் தலையைத் தடவிக்கொண்டே பேசினார். செம்மலின் நெற்றி, செம்மலின் புருவம் அவளுக்கு. “எம் மகன ரோடு தின்னுருச்சு. மிச்சம் கெடந்த மூஞ்சி இது ஒன்னு. அதையும் நீ தூக்கிட்டுப் போயி டவுன்ல வாடக வீட்டுல வச்சுக்குவ. நான் இந்தத் தட்டப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கணும். அப்படித்தான?”

“வாரா வாரம் கூட்டியாரேன்னு சொன்னேன்ல?”

“மயித்தக் கூட்டியாருவ.”

பிரியா குறுக்கே வந்தாள். “பெத்த தாயிகிட்ட பிள்ள இருக்கக் கூடாதுன்னு சொல்ல நீங்க யாரு?”

“நீ பேசாத. பிள்ளையப் பத்திப் பேச ஒனக்கு வாயி ஏது?”

பிரியாவின் கையில் இருந்த ஸ்கேல் வளைந்துகொண்டே போனது, உடையவில்லை. அத்தை அழகியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். எட்டு வயதுப் பிள்ளையை, கைக்குழந்தையைத் தூக்குவது போல.

இரவு அழகி அவரோடுதான் படுத்தாள். என் கையில் பிரியா கட்டிய துணி, பிள்ளையின் முகத்தில் உரசும் என்று நானும் விட்டுவிட்டேன்.

விடிந்து எழுந்தபோது இருவரும் இல்லை.

சூர்யபிரகாஷ் பல் விளக்கிக்கொண்டே சொன்னான். “ஆத்தா மொதப் பஸ்ஸுக்கே வல்லத்திராக்கோட்டைக்குப் போயிருச்சு மதினி, மாமா வீட்டுக்கு. பிள்ளையவும் கூட்டிக்கிட்டுத்தான் போச்சு. ஒங்களுக்கு ஒத்தாசையா இருக்கும்னு சொல்லுச்சு.”

“என்னய எழுப்பாமயா?”

“பரீட்சைக்குத் தூங்கட்டும்னுச்சு.” துப்பிவிட்டு, என்னைப் பார்க்காமல் சேர்த்துக்கொண்டான். “வண்டியில பெட்ரோல் இல்ல மதினி. பஸ்ஸுல போயிக்கங்க.”

பிரியாவும் நானும் பஸ்ஸில் போனோம். உட்கார இடம் இல்லை. நான் கம்பியைப் பிடிக்க முடியாமல் அவள் மேல் சாய்ந்து நின்றேன். டவுன் பஸ் ஸ்டாண்ட் வரை அவள் பேசியது அணிகளைப் பற்றி மட்டும்தான். பெருக்கும்போது நிரையை நிரலோடு சேர்க்கணும், மாத்திப் போட்டுறாதீங்க. சரி. பேனாவ நடுவிரல்ல தாங்குங்க. சரி.

பரீட்சை நடக்கிற பள்ளிக்கூடத்து வாசலில் தனித்தேர்வர்கள் கூடியிருந்தார்கள். ஒர்க்‌ஷாப் சட்டையோடு ஒருவர், கைக்குழந்தையை அம்மாவிடம் கொடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி. கேட்டைத் திறந்தார்கள். அணைத்துப் பிரியாவிடம் கொடுக்கலாம் என்று போனை எடுத்தேன்.

அப்போது அடித்தது. அத்தை.

“சொர்ணம், பிள்ளைக்கு ஒடம்பு நெருப்பாக் கொதிக்குது. ராத்திரியே லேசா இருந்துச்சு. இப்ப கண்ணத் தொறக்க மாட்டேங்குறா. ஒடனே பொறப்பட்டு வா.”

பிரியா போனைத் தன் பக்கம் இழுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“அழகிகிட்டக் குடுங்க அத்த” என்றேன்.

“தூங்குறா.”

“எழுப்புங்க. ஒரே ஒரு வார்த்த பேசட்டும்.”

“காச்சக்காரப் பிள்ளைய எழுப்பச் சொல்றியே, நீயெல்லாம் ஒரு தாயா? பரீட்சை பெருசா, பிள்ள பெருசா? அத மட்டும் சொல்லு.”

எங்களைத் தாண்டி ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேன் ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்றார்.

“பொய்யி” என்று பிரியா உதட்டை மட்டும் அசைத்தாள்.

“பொய்யா இல்லைன்னா?”

“நான் போறேன். வல்லத்திராக்கோட்டை பஸ்ஸு இப்ப இருக்கும். காச்சல்னா நானே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன். நீங்க உள்ள போங்க.”

“ஒன்ன நம்பியா?”

அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. “என்ன நம்பாதீங்க. வேற ஆளு இருந்தாச் சொல்லுங்க, அவங்கள அனுப்புவோம்.”

வேறு ஆள் இல்லை. இருந்த ஒரே ஆளைத் தஞ்சாவூர் ரோட்டில் விட்டுவிட்டேன்.

போனில் அத்தையின் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. அவர் காத்திருந்தார். என்னைத் தெரியும் அவருக்கு. இத்தனை வருடமாக என் ஒவ்வொரு பதத்தையும் பார்த்தவர்.

“பிள்ள தூங்கட்டும் அத்த” என்றேன். “பிரியா வாரா. நான் எழுதிட்டு வாரேன்.”

அத்தை மெதுவாகச் சொன்னார். “ஒனக்கு நெஞ்சு இம்புட்டுக் கல்லுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே.” அதில் கோபம் இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

போனைப் பிரியாவிடம் கொடுத்தேன். இனி மூன்று மணி நேரத்துக்கு எனக்கு ஒரு செய்தியும் வராது. அவள் சேலையைச் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் கேட்டுக்குள் நுழைந்தேன். பொய், பொய், பொய் என்று ஒவ்வொரு படிக்கும் சொல்லிக்கொண்டு ஏறினேன். அறை எண்ணைப் பார்த்து, பெஞ்சைப் பார்த்து, உட்கார்ந்தேன். கண்காணிப்பாளர் என் கைக்கட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வினாத்தாளை வைத்துவிட்டுப் போனார்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. விடிந்தால் கோழிக்கு முன்னால் எழுந்து கொட்டகையைச் சுற்றி ஓடுகிறவள் அழகி. வெயில் வந்த பிறகு அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை, உண்மையிலேயே காய்ச்சலில் கிடந்த நாட்களைத் தவிர.

மணி அடித்தது. உதவிப் படத்திலிருந்து ஆரம்பித்தேன்.